உதிராத காப்பிப் பூ

காலையில் கண் விழித்ததும் காப்பி. விருந்தாளி வந்தால் காப்பி. தலையை வலித்தால் காப்பி. நம் வீடுகளில் காப்பியின் ராஜ்யம் அப்படி! ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். காப்பிப் பூவைப் பார்த்திருக்கிறீர்களா?

காப்பிப் பொடியைப் பார்த்திருப்பீர்கள். காப்பிக் கொட்டையை வாங்கி, வறுத்து, வீட்டிலேயே அரைத்த பாட்டிமார்களும் உங்களில் இருப்பார்கள். பூவைப் பார்த்தவர்கள் வெகு சொற்பம். அதற்குக் காரணம் உண்டு. அந்தப் பூ சந்தைக்கு வருவதில்லை, கூடையில் ஏறுவதில்லை, கூந்தலிலும் ஏறுவதில்லை. மலையிலே மலர்ந்து, இரண்டு மூன்று நாள் மணம் வீசிவிட்டு, மலையிலேயே உதிர்ந்துவிடுகிறது.

அந்தப் பூவை உங்கள் வீட்டு வாசலுக்குக் கொண்டு வரும் வழியைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். செடியிலிருந்து ஒரு பூவைக்கூடப் பறிக்காமல்! ஒரு பிரிமணை, கொஞ்சம் ஃபெல்ட் துணி, ஊசி, நூல், நான்கு மாலைப் பொழுது. இவ்வளவுதான் வேண்டும். சித்திரை முதல் நாளன்று உங்கள் வாசற்கதவில் நாற்பது காப்பிப் பூக்கள் சிரித்துக்கொண்டிருக்கும்.

மலையில் பெய்யும் பூ மழை

சேலத்திலிருந்து ஏற்காடு போகிறவர்கள் பெரும்பாலும் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பிரதான சாலையில் ஏறி, ஏரியைப் பார்த்துவிட்டு, வந்த வழியே இறங்கிவிடுகிறார்கள். இன்னொரு வழியும் இருக்கிறது. ஏற்காட்டிலிருந்து கொட்டச்சேடு வழியாகக் குப்பனூருக்கு இறங்கும் மலைப்பாதை அது. அவ்வளவாகக் கூட்டமிராது. கொட்டச்சேட்டுப் பக்கம் தேக்கு மரக்காடும் உண்டு. காப்பித் தோட்டங்களும் உண்டு. உயர்ந்து நிற்கும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றைத் தழுவி ஏறும் மிளகுக் கொடிகள், அவற்றின் நிழலில் இடுப்பளவும் தலையளவுமாய்க் காப்பிச் செடிகள்.

சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது 1820-களில். சேலம் ஜில்லாவின் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பவர் கொண்டு வந்து பயிரிட்டார். ஆக, இருநூறு வருஷமாக இந்த மலையில் காப்பி பூத்துக்கொண்டிருக்கிறது.

எப்போது பூக்கும்? அதுதான் வேடிக்கை. மார்கழி, தை மாதங்களில் பழம் பறித்து முடிந்ததும், செடி தன் அடுத்த மொட்டுக்களை இலைக் கக்கங்களில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. எதற்கு? மழைக்கு! மாசி, பங்குனி வெயிலில் மண் வெடித்துக் கிடக்கும்போது திடீரென்று ஒரு நாள் வானம் இருண்டு ஒரு மழை கொட்டும். தோட்டக்காரர்கள் இதைப் ‘பூ மழை’ என்று சொல்லுகிறார்கள். ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் பெய்தால் போதும். தூங்கிக்கொண்டிருந்த மொட்டுக்கள் விழித்துக்கொள்ளுகின்றன. பச்சையாயிருந்தவை வெளுத்து, சின்னஞ்சிறு மெழுகுவத்திகளைப் போல நிமிர்ந்து நிற்கின்றன. ஒன்பது பத்து நாளில், ஒரு விடியற்காலையில், தோட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் மலர்ந்துவிடுகிறது!

முதல் நாள் மாலைவரை பச்சையாயிருந்த செடிகள், காலையில் பார்த்தால் வெள்ளை. கிளைக்குக் கிளை, கணுவுக்குக் கணு, கொத்துக் கொத்தாய் வெள்ளை நட்சத்திரங்கள். மல்லிகையின் மணம் போலவே இருக்கும். இன்னும் கொஞ்சம் இனிப்புக் கூடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். தேனீக்களின் ரீங்காரம் காதைத் துளைக்கும். மூன்றாம் நாள் இதழ்கள் பழுப்பேறி உதிர ஆரம்பித்துவிடும்.

மழை சரியாகப் பெய்யாமல் வெறும் தூறலோடு நின்றுவிட்டால்? மொட்டுக்கள் முழுதாக விரியாமலே கருகிப்போகும். தவணை தவணையாகப் பெய்தால் பூவும் தவணை தவணையாகப் பூத்து, பழமும் அப்படியே பழுத்து, பறிக்கிற வேலை இரட்டிப்பாகும். ஆகவே பங்குனி மாதத்தில் காப்பித் தோட்டத்துக்காரர்கள் வானத்தைப் பார்ப்பது நாம் காலண்டரைப் பார்ப்பது போல அல்ல. பிள்ளையின் பரீட்சை முடிவை எதிர்பார்ப்பது போல!

ஏன் பறிக்கக் கூடாது?

“இவ்வளவு பூ பூக்கிறதே, ஒரு முழம் தொடுக்கப் பறித்தால் என்ன?” என்று உங்களுக்குத் தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு பூ ஒரு பழமாகிறது. ஒரு பழத்துக்குள் இரண்டு கொட்டை. வறுத்த கொட்டை ஒன்று கிராமில் எட்டில் ஒரு பங்குதான் கனம் இருக்கும். ஒரு டம்ளர் நல்ல டிகாக்ஷன் காப்பிக்குப் பத்துக் கிராம் பொடி போடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், எண்பது கொட்டை. அதாவது நாற்பது பழம். அதாவது நாற்பது பூ!

நாற்பது பூவைப் பறித்துத் தலையில் வைத்துக்கொண்டால் ஒரு டம்ளர் காப்பியைத் தரையில் கொட்டியதற்குச் சமானம். அதுவும் அந்தக் காப்பி நம்முடையது மட்டுமா? கார்த்திகையிலிருந்து தை வரை குளிரிலும் பனியிலும் கூடையைக் கட்டிக்கொண்டு பழம் பறிக்கிற பெண்களின் கூலி அந்தப் பூவில் இருக்கிறது. பங்குனியில் பூ, மார்கழியில் அரிசி. அதனால்தான் மலையிலே யாரும் காப்பிப் பூவைப் பறிப்பதில்லை. கண்ணால் பார்ப்பார்கள், மூக்கால் முகர்வார்கள், கையை மட்டும் பின்னால் கட்டிக்கொள்ளுவார்கள்.

பறிக்கக் கூடாத பூ. பார்ப்பதற்கு மூன்று நாள்தான். அப்படிப்பட்ட பூவைத் துணியிலே செய்து வைத்துக்கொள்ளுவதில் அர்த்தம் இருக்கிறதல்லவா? ரோஜாவும் மல்லிகையும் கடையில் கிடைக்கும்போது அவற்றைத் துணியில் செய்வானேன்? கிடைக்காத பூவைச் செய்வதுதான் கைவேலைக்கு அழகு.

ஃபெல்ட் என்பது என்ன?

சாதாரணத் துணி என்றால் பாவும் ஊடையும் உண்டு, தறி உண்டு. ஃபெல்ட்டுக்குத் தறியே கிடையாது. ஆட்டு ரோமத்தைப் பரப்பி, வெந்நீரும் சோப்பும் விட்டு, அழுத்தித் தேய்த்து உருட்டினால், இழைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு தகடு போல ஆகிவிடுகின்றன. ரோமத்தின் மேலே மீன் செதில் மாதிரி நுண்ணிய செதில்கள் இருப்பதால்தான் இப்படிப் பிடித்துக்கொள்ளுகின்றன. நெய்யாத துணியாகையால் எந்தப் பக்கம் வெட்டினாலும் நூல் பிரியாது. ஓரம் மடித்துத் தைக்க வேண்டியதில்லை. பூச் செய்ய இதைவிடச் சௌகரியமான சாமான் வேறில்லை.

காஷ்மீரத்து ‘நம்தா’ விரிப்பும் இதே முறையில் செய்ததுதான். பியானோவின் கம்பிகளைத் தட்டுகிற சுத்திகளுக்கு மேலே ஒட்டியிருப்பதும் இதுதான். துரைமார்கள் போட்டுக்கொண்ட தொப்பியும் இதுதான்.

ஃபெல்ட்டில் அலங்காரப் பொருள் செய்வது நேற்று வந்த நாகரிகம் என்று நினைத்துவிடாதீர்கள். சைபீரியாவில் அல்ட்டாய் மலைப்பகுதியில் பஸிரிக் என்ற இடத்தில் பழைய சமாதி மேடுகளை ருஷ்ய ஆராய்ச்சியாளர்கள் தோண்டினார்கள். உறைபனியில் கெடாமல் இருந்த பொருள்களுக்கு நடுவே, ஃபெல்ட்டில் செய்து உள்ளே அடைத்துத் தைத்த அன்னப் பறவைகளும் இருந்தன. இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேற்பட்டவை! இன்று ஸெயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தின் ஹெர்மிடாஜ் காட்சிசாலையில் இருக்கின்றன. யாரோ ஒரு கை, எப்போதோ, ஊசியும் நூலுமாய் உட்கார்ந்து செய்த அன்னம் இன்னும் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கிறது.

இப்போது கைவேலைச் சாமான் கடைகளில் ஃபெல்ட் தாள் தாளாகக் கிடைக்கிறது. அவற்றில் பல ஆட்டு ரோமமல்ல, பாலியெஸ்டர். பூச் செய்ய அதுவும் உதவும். ஆனால் காசு செலவழிக்காமல் நல்ல கம்பளி ஃபெல்ட் செய்துகொள்ளவும் ஒரு யுக்தி உண்டு.

பெட்டியின் அடியில் பழைய கம்பளி ஸ்வெட்டர் கிடக்கிறதா? முழங்கை கிழிந்து, பிள்ளைக்கும் போதாமல் போன ஸ்வெட்டர்? அது சுத்தக் கம்பளிதானா என்று முதலில் பாருங்கள். ஒரு நூலைக் கிள்ளி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். தலைமயிர் கருகிய வாடை வந்து, சாம்பல் பொடிந்தால் கம்பளி. உருகி முத்துப் போலக் கெட்டியானால் செயற்கை நூல், அது உதவாது. கம்பளியானால், கை பொறுக்கும் வெந்நீரில் சோப்புத் தூள் போட்டுப் பத்து நிமிஷம் நன்றாகக் கசக்குங்கள். உடனே குளிர்ந்த நீரில் அலசுங்கள். மறுபடி வெந்நீர், மறுபடி கசக்கல். இப்படி மூன்று நான்கு தடவை செய்தால் ஸ்வெட்டர் சுருங்கி, பின்னல் மறைந்து, தடித்துவிடும். வேறு சமயத்தில் இப்படி ஆனால் வயிறு எரியும், இப்போது சந்தோஷப்படலாம்! நிழலில் உலர்த்தி வெட்டிக்கொள்ளுங்கள். வெள்ளை ஸ்வெட்டர் பூவுக்கு. பச்சை ஸ்வெட்டர் இலைக்கு.

வளையமா? வாசலிலா?

இந்த இடத்தில் உங்கள் மாமியார் குறுக்கிடுவார். “என்ன கண்ணு இது? நல்ல நாளும் அதுவுமாய் வாசலில் மலர் வளையமா?” என்று கேட்பார். நியாயமான கேள்விதான். மலர் வளையம் என்றால் நமக்குத் துக்க வீடுதான் நினைவுக்கு வரும்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். இந்த அர்த்தம் இடையில் வந்து ஒட்டிக்கொண்டது. சங்க காலத்துத் தமிழர்கள் பூவை வளைத்துத் தொடுத்துத் தலையில் சூடினார்கள். அதற்குக் கண்ணி என்று பெயர். வென்றவன் வாகை சூடினான். பழைய கிரேக்கர்கள் ஒலிம்பியாப் பந்தயத்தில் ஜெயித்தவனுக்கு ஆலிவ் இலை வளையம் சூட்டினார்கள். இன்றைக்கும் கிரேக்க நாட்டில் மே மாதம் முதல் தேதியன்று காட்டுப் பூக்களை வளையமாகக் கட்டி வாசற்கதவில் மாட்டி வசந்தத்தை வரவேற்கிறார்கள். ஐரோப்பாவில் ஈஸ்டர் பண்டிகைக்கும் இதே வழக்கம் உண்டு. ஏற்காட்டில் மாதா கோவில்களும் கன்னிமாடப் பள்ளிக்கூடங்களும் இருப்பதால் ஈஸ்டர் கொண்டாடும் குடும்பங்கள் நிறைய. ஈஸ்டர் பெரும்பாலும் நம் பங்குனிக் கடைசியிலோ சித்திரை ஆரம்பத்திலோதான் வரும். காப்பி பூக்கும் காலமும் கிட்டத்தட்ட அதுவே!

நமக்கு சித்திரையும் வைகாசியும் இளவேனில். சித்திரை முதல் நாள்தான் வசந்தத்தின் வாசற்படி. மாவிலைத் தோரணம் நிலைப்படிக்கு மேலே எப்போதும் போல இருக்கட்டும். அதை யாரும் அசைக்க வேண்டாம். இந்த வளையம் கதவின் நடுவே தொங்கட்டும். பெயரும் மாற்றிக்கொள்ளுவோம்: ‘வாசல் வளையம்’. வெறும் வெள்ளையாயிருந்தால் மனசு ஒப்பாது என்பவர்களுக்காக, பூவின் நடுவே மஞ்சள் நூல் முடிச்சும், மாட்டுவதற்கு மஞ்சள் துணி நாடாவும், அதன் நுனியில் ஒரு துளி குங்குமமும் வைத்துவிடலாம். மாமியார் முகம் மலர்ந்துவிடும்.

தேவையான சாமான்கள்

பிரிமணை ஒன்று. சட்டி பானை வைக்க வைக்கோல் பிரியைச் சுற்றிச் செய்வார்களே, அதுதான். குறுக்களவு பத்து அங்குலம், தடிமன் ஒன்றரை அங்குலம் இருக்கட்டும். கிடைக்காவிட்டால் தேங்காய் நார்க் கயிற்றை அந்த அளவுக்கு வளைத்து, இறுகச் சுற்றிக் கட்டிக்கொள்ளுங்கள். அதையும் நன்றாக ஒரு நாள் வெயிலில் காய வையுங்கள். ஈரம் இருந்தால் உள்ளே பூசணம் பிடிக்கும்.

வெள்ளை ஃபெல்ட், பன்னிரண்டு அங்குலம் நீளம், ஒன்பது அங்குலம் அகலம், ஒரு தாள். கரும்பச்சை ஃபெல்ட், அதே அளவு, ஒரு தாள். பழைய பச்சை அல்லது காப்பிக் கொட்டை நிறப் பருத்திப் புடவையில் கிழித்த இரண்டு அங்குல அகல நாடா, ஐந்து கஜம். வெள்ளை, பச்சை, மஞ்சள் எம்பிராய்டரி நூல். கூரான சின்னக் கத்தரிக்கோல், ஊசி, அட்டைத்துண்டு, பென்சில். மாட்டுவதற்கு மஞ்சள் நாடா ஒரு முழம்.

முதல் மாலை: வளையமும் இலையும்

பிரிமணையின் மேல் புடவை நாடாவை ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறும்படி இறுகச் சுற்றுங்கள். வைக்கோல் எங்கும் தெரியக் கூடாது. நுனியைப் பின்பக்கத்தில் தைத்துவிடுங்கள். இதுதான் நம் காப்பிக் கிளை.

வளையத்தின் மேல் எட்டு இடத்தில் குறி வையுங்கள். முதலில் கடிகாரத்தில் பன்னிரண்டு, மூன்று, ஆறு, ஒன்பது இருக்கும் இடங்கள். பிறகு அவற்றுக்கு நடுநடுவே நான்கு. இவை எட்டும் கிளையின் கணுக்கள்.

இனி இலை. காப்பி இலை மூன்று அங்குல நீளம், ஒன்றேகால் அங்குல அகலம் என்று அட்டையில் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள்; நுனி கூராக, ஓரம் லேசாக அலை அலையாக இருக்க வேண்டும். பச்சைத் தாளில் பதினாறு இலை வெட்டுங்கள். ஒவ்வோர் இலையின் நடுவிலும் வெளிர் பச்சை நூலால் பின்தையல் போட்டு நரம்பு எடுங்கள். நூலைச் சற்றே இழுத்து முடிந்தால் இலை தானாக நெளிந்து, உயிருள்ளது போலக் காட்சி தரும்.

காப்பிச் செடியில் இலைகள் எதிரும் புதிருமாக ஜோடி ஜோடியாய் இருக்கும். ஆகவே ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலை: ஒன்று வளையத்துக்கு வெளியே நோக்கி, இன்னொன்று உள்ளே நோக்கி. எல்லாம் ஒரே திசையில் சற்றுச் சாய்ந்திருக்கட்டும். காம்பை மட்டும் தையுங்கள்; நுனி ஆடட்டும்.

இரண்டாம் மூன்றாம் மாலை: நாற்பது பூ

வெள்ளைத் தாளை ஒன்றரை அங்குலச் சதுரங்களாகக் கோடு போடுங்கள். நீளத்தில் எட்டு, அகலத்தில் ஆறு. நாற்பத்தெட்டுச் சதுரம் வரும். நாற்பது பூவுக்கு, எட்டு அடித்தட்டுக்கு. ஒரு துண்டுகூட வீணில்லை!

காப்பிப் பூவுக்கு ஐந்து இதழ். ஒழுங்காய் ஐந்து இதழ் வெட்டுவது எப்படி என்று பயப்பட வேண்டாம். சதுரத்துக்குள் வட்டம் வரைந்து அதைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு, இரண்டரை, ஐந்து, ஏழு, ஒன்பதரை. இந்த ஐந்து மணிகளுக்கு நேரே ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெட்டுங்கள். நடுவில் கால் அங்குலம் இருக்கும்போது நிறுத்திவிடுங்கள். பிறகு ஒவ்வொரு துண்டின் இரு மூலைகளையும் சாய்வாக வெட்டிக் கூராக்கினால் இதழாகிவிடும். அட்டையில் ஒன்று செய்துகொண்டால் மற்றவற்றை அதை வைத்தே வரைந்துவிடலாம்.

வெட்டிய பூவின் நடுவைச் சுற்றிப் பின்பக்கமிருந்து சின்ன ஓட்டுத்தையல் போட்டு நூலை மெல்ல இழுங்கள். இதழ்கள் ஐந்தும் மேலே எழும்பும். அப்போதுதான் அது பூ. அதற்கு முன்னால் வெறும் துணித்துண்டு! நடுவில் மஞ்சள் நூலால் ஐந்து முடிச்சுப் போடுங்கள். உண்மைப் பூவில் மகரந்தக் கேசரமும் ஐந்துதான். அதன் நிறம் வெளுப்பு என்றாலும், நாம் மஞ்சள் போடுவதற்கு மங்களம்தான் காரணம்.

மிச்சமுள்ள எட்டுச் சதுரங்களையும் வட்டமாக வெட்டுங்கள். ஒவ்வொரு வட்டத்தின் மேலும் நான்கு பூவைச் சுற்றிலும், ஒன்றை நடுவிலும், இதழ்மேல் இதழ் ஏறும்படி தையுங்கள். எட்டுக் கொத்து தயார்.

பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் அமளி செய்யும் காலமல்லவா இது? சதுரம் போடுவது, வட்டம் வரைவது, பூவை எண்ணுவது எல்லாம் அவர்கள் வேலையாகட்டும். கத்தரிக்கோல் மட்டும் பெரியவர்கள் கையில் இருக்கட்டும். ஒரு பூவுக்கு ஐந்து நிமிஷம் என்றாலும் நாற்பதுக்கு மூன்று மணி இருபது நிமிஷம் ஆகும். ஆகவே ஒரே மூச்சில் முடிக்க நினைக்காதீர்கள். ரேடியோவில் பாட்டுக் கேட்டுக்கொண்டே மாலைக்கு இருபது பூ செய்தால் கண்ணும் நோகாது, கையும் நோகாது.

நான்காம் மாலை: கோப்பது

ஒவ்வொரு கணுவிலும், இரண்டு இலைகளும் சேரும் இடத்தின் மேல், ஒரு பூங்கொத்தை வைத்து, அடித்தட்டை வளையத்துடன் நான்கு இடத்தில் உறுதியாகத் தையுங்கள். பசை வேண்டாம். சூடாக்கி ஒட்டுகிற பசை நம் ஊர்ச் சித்திரை வெயிலில் இளகிவிடும். மேற்குப் பார்த்த கதவானால் கேட்கவே வேண்டாம். தைத்த பூ பல வருஷம் இருக்கும். ஒட்டிய பூ ஒரு கோடையில் உதிரும்.

சிவப்புக் காப்பிப் பழமும் இரண்டு சேர்த்தால் அழகாயிருக்குமே என்று ஆசை வரும். வேண்டாம். பூக்கும் காலத்தில் செடியில் சாதாரணமாகச் செம்பழம் இராது. காப்பித் தோட்டம் தெரிந்த விருந்தாளி யாராவது வந்தால் சிரிப்பார். அதற்குப் பதிலாக, மிச்சமான வெள்ளைத் துணுக்குகளைச் சுருட்டி மெழுகுவத்திபோல் மொட்டுச் செய்து கொத்துக்கு ஒன்றாகச் செருகலாம். மலர்ந்ததும் மலரப் போவதும் சேர்ந்திருந்தால்தான் கிளைக்கு உயிர்.

பின்பக்கத்தில் மஞ்சள் நாடாவை வளையமாக முடிந்து, கதவில் ஒரு சின்னக் கொக்கியில் மாட்டுங்கள். அடுக்குமாடி வீடுகளில் இரும்புக் கதவானால் கம்பியில் நாடாவையே கட்டிவிடலாம். கதவைத் திறந்து மூடும்போது சுவரில் உராயாத உயரத்தில் இருக்க வேண்டும்.

அடுத்த வருஷத்துக்கும் வேண்டும்

வருஷம் முழுதும் வாசலில் தொங்கவிட்டால் தூசி படிந்து எந்தப் பண்டிகைப் பொருளும் சோபை இழந்துவிடும். ஆண்டுக்கணக்கில் வெயிலில் வெளுத்துத் தொங்குகிற பிளாஸ்டிக் தோரணங்களைப் பார்த்திருப்பீர்கள்; அவற்றைக் கண்டு யாருக்காவது இன்று பண்டிகை என்று தோன்றுமா? சித்திரை முதல் நாளுக்கு மாட்டி, மாதம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். கம்பளி ஃபெல்ட்டானால் வெந்நீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள், மேலும் சுருங்கிவிடும். பழைய பிஸ்கட் தகரப் பெட்டியில், உலர்ந்த வேப்பிலையும் ஒரு துண்டு வசம்பும் போட்டு, மேலே எதையும் ஏற்றாமல் படுக்க வைத்து மூடிவிடுங்கள். அந்துப்பூச்சி அண்டாது.

கை பழகிவிட்டால் வேறு பூக்களும் செய்யலாம். பச்சடிக்குப் போகிற வேப்பம்பூவைக் கொத்தாகச் செய்யலாம். பொன்னிறக் கொன்றைப் பூவைச் சரம் சரமாகத் தொங்கவிடலாம். ஈஸ்டர் கொண்டாடும் சிநேகிதிக்குப் பரிசாக ஒன்று கொடுக்கலாம். அவர்களுக்கும் வெள்ளைப் பூ உகந்ததுதான். ஆனாலும் முதல் வளையம் காப்பிப் பூவாகவே இருக்கட்டும். அதற்கு ஒரு காரணம் சொல்லி முடித்துவிடுகிறேன்.

சித்திரை முதல் நாள் காலையில் கோலம் போட்டு, பூஜை முடித்து, வந்தவர்களுக்குக் காப்பி கொடுப்பீர்கள். “இது என்ன பூ, மல்லிகையா?” என்று அவர்கள் கேட்பார்கள். “உங்கள் கையில் இருக்கிறதே, அந்தக் காப்பியின் பூ” என்று சொல்லுங்கள். நாற்பது பூ, ஒரு டம்ளர் காப்பி. அந்த டம்ளருக்காகப் பங்குனி வானத்தை அண்ணாந்து பார்த்தவர்களையும், மார்கழிப் பனியில் பழம் பறித்தவர்களையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டால், அன்றைய காப்பி கொஞ்சம் கூடவே ருசிக்கும். செய்து பாருங்கள்!